பதினஞ்சாவது வரட்டும்

இங்க ஒக்காருங்க தம்பி, ஆளு இல்லைங்க. அது வெறும் பொட்டி. இருங்க, மடியில எடுத்து வெச்சுக்கறேன். உடுமலையில இருந்து அது சீட்டுல ஒக்காந்துட்டு வருது. கண்டக்டரு அதுக்கும் லக்கேஜ் டிக்கெட்டுப் போட்டுட்டாரு, சரி, டிக்கெட்டு வாங்கினவன் ஒக்காரட்டும்னு விட்டுட்டனுங்க. பொள்ளாச்சியில இத்தனை கூட்டம் ஏறும்னு நெனைக்கலை. நல்லா சாஞ்சு ஒக்காருங்க. கோயமுத்தூருங்களா? நானும் உக்கடந்தானுங்க.

இதுங்களா? கம்ப்யூட்டருங்க. டிவியாட்டம் முன்னால இருக்குமே, அது இல்ல. டேபிளுக்கு அடியில நிக்குமே, மூளை இருக்கற பொட்டி, அது. தூசி அடைச்சுப் போச்சு, ஊதிட்டு வரலாம்னு கொண்டு போறேன். ஊட்டுல அப்பிடித்தான் சொல்லிட்டு வந்திருக்கறனுங்க.

பேரு கிட்டுசாமி. உடுமலையில பிளக்ஸ் பேனரு கடை, துளசி டிஜிட்டல்னு. துளசிமணி எங்கூட்டுக்காரி. கல்யாணம், காதுகுத்து, சீரு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நாங்கதான். டிசைன் பூராவும் அவ. நான் பார்ட்டிகிட்டப் பேசறது, பிரிண்டு போடறது, அப்பறம் டெக்னாலஜி. டெக்னாலஜி மொத்தமும் நம்ம பொறுப்புங்க. மவுஸை நான் தொடறதில்ல. ஆனா அந்த மவுஸுக்குப் பின்னால என்ன ஓடுது, அதுக்குப் பின்னால என்ன வரப் போகுது, அதெல்லாம் நாம விரல் நுனியில வெச்சிருக்கோம்.

சும்மா சொல்லலீங்க. உடுமலை, தாராபுரம், மடத்துக்குளம், எந்தப் பிளக்ஸ்காரன் கம்ப்யூட்டரு வாங்கறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்குவான். செந்தூர் பிளக்ஸ் தண்டபாணின்னு ஒருத்தரு, நமக்கு எதிர்க் கடை. அவரு ஒரு தடவை என்னைக் கேக்காம வாங்கினாரு. மூளைன்னு சொன்னேன் பாருங்க, அந்தச் சிப்போட எண்ணுக்குப் பின்னால எஃப்னு ஒரு எழுத்து இருந்துச்சுன்னா விலை கொஞ்சம் கம்மி, ஆனா படம் காட்டற சமாச்சாரம் அந்தச் சிப்புல கெடையாது, தனியா கார்டு வாங்கி மாட்டணும். அது தெரியாம மாட்டிட்டு, மானிட்டரு இருட்டா இருக்குதுன்னு மானிட்டரை மாத்தினாரு. அதும் இருட்டு. இன்னொண்ணு மாத்தினாரு. மூணாம் நாளு என்கிட்ட வந்தாரு. அட்டைப் பொட்டியப் பாத்தேன், எழுத்தைப் பாத்தேன், ஒரு நிமிசத்துல சொல்லிட்டேன். அன்னையில இருந்து மனுசனுக்கு என் மேல ஒரு பயம் கலந்த மரியாதை. இப்ப மரியாதை கொஞ்சம் கொறைஞ்சு போச்சு, அது ஏன்னு அப்பறம் சொல்றேன்.

உங்களுக்கு இந்தச் சிப்பு விவகாரம் தெரியுங்களா? தெரியாதா. நல்லதாப் போச்சு. உக்கடம் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கு.

இதுல ரெண்டு கணக்கு தம்பி. ஒண்ணு வருசம், இன்னொண்ணு படி. வருசத்துக்கு ஒண்ணாப் புது ஜெனரேஷன் வருது பாருங்க, அது வருசக் கணக்கு. ஒவ்வொரு ஜெனரேஷன்லயும் ஐ-த்ரீ, ஐ-ஃபைவ், ஐ-செவன், ஐ-நைன்னு நாலு படி, ஓட்டல்ல சாதா, மசாலா, நெய் ரோஸ்ட்டு, பேப்பர் ரோஸ்ட்டுன்னு இருக்கற மாதிரி. மேல போகப் போக விலையும் ஏறும். ஜனங்க என்ன பண்ணுதுன்னா, செவன்னு ஒட்டியிருந்தாப் போதும், ஒசத்தின்னு தூக்கிட்டு வந்துருது. எந்த வருசத்து செவன்னு கேக்கறதில்ல. முந்தாநேத்து சுட்ட நெய் ரோஸ்ட்டும் நெய் ரோஸ்ட்டுதான். ஆனா இன்னைக்குச் சுட்ட சாதா தோசை அதவிட மேலுங்களா இல்லீங்களா? அவ்வளவுதான் விசயம். இதைப் புரிஞ்சுக்கிட்டவன் ஏமாற மாட்டான்.

நான் ஏமாறவே இல்லைங்க. ஏன்னா நான் வாங்கவே இல்ல.

இந்தா முன்னால ஸ்டிக்கரு இருக்குது பாருங்க, நாலாவது ஜெனரேஷன், ஐ-த்ரீ. கடை ஆரம்பிச்சப்ப வாங்கினது, பதினோரு வருசம் ஆச்சு. அடுத்த வருசம் அஞ்சாவது வரும்னாங்க. வந்த மாதிரியும் தெரியலை, வராத மாதிரியும் தெரியலை, அப்பிடிப் போயிருச்சு அது. ஆறாவது வந்துச்சு, மெமரியே மாறிப் போச்சு. நாலாவதுக்கு டிடிஆர் மூணு, ஆறுக்கு மேல டிடிஆர் நாலு. ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல ஒக்காராது, பல்லு மாறி இருக்கும். புது மெமரி வெலை எறங்கட்டும்னு விட்டேன். ஏழு வந்துச்சு, ஆறுக்கும் ஏழுக்கும் அண்ணன் தம்பி வித்தியாசம்கூட இல்ல. எட்டு வந்துச்சு, அது நல்ல எட்டுங்க, உள்ள வேலை பாக்கறதுக்கு நாலு கையி இருந்த எடத்துல ஆறு கையி. சரி வாங்கலாம்னு எந்திரிச்சேன், ஒம்போது வரப் போகுதுன்னு சேதி. ஒம்போது வந்தா எட்டு எறங்குமில்ல? எறங்கட்டும். அதுக்குள்ள பத்து. இப்பிடியே பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. பதினாலும் பதிமூணும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். அதனால நான் என்ன முடிவு பண்ணுனேன், பதினஞ்சாவது வரட்டும், அதுதான் நம்முளுதுன்னு முடிவு பண்ணுனேன்.

என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? பதினஞ்சுங்கற எண்ணையே வெக்கலை. எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வேற பேரு வெச்சுட்டாங்க. பத்து வருசமா எண்ணிட்டு இருக்கறவன் நான், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? புதுப் பேருன்னா புதுக் கணக்கு. புதுக் கணக்குல மொத வருசம் எறங்கக்கூடாதுங்க. ரெண்டாவது வருசம் பாக்கலாம்னு துளசிமணிகிட்டச் சொன்னேன்.

அவ மவுஸை டேபிள்ல வெச்சா. கொஞ்சம் சத்தமா வெச்சா.

அவ பக்கத்தையும் சொல்லணும், இல்லைன்னா சாமி கண்ணைக் குத்தும். இருபதுக்குப் பத்து அடி பேனருங்க. நம்ம பக்கம் கல்யாணப் பேனருன்னா மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரு மட்டும் நின்னா ஆகாது. தாய்மாமன், பெரியப்பன், சித்தப்பன், மாப்பிள்ளையோட கபடி டீமு, நாப்பது தலை நிக்கணும். நாப்பதையும் அவ ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டணும். சேவ் போட்டுட்டு எந்திரிச்சுப் போயி, அரிசி களைஞ்சு, ஒலை வெச்சுட்டு வந்து பாப்பா, பாதி ஓடியிருக்கும். சில நாளு சோறு வெந்துரும், சேவ் ஆயிருக்காது. உள்ள ஒரு ஃபேனு இருக்கும், சிப்புக்கு மேல, அது கத்தற சத்தத்துல பார்ட்டி பேசறது கேக்காது. நான் சொல்லுவேன், பொறுமையா இரு துளசி, கம்ப்யூட்டரு வாங்கறது பெருசில்ல, எப்ப வாங்கறோம்கறதுதான் பெருசுன்னு. அவ மணிக்கட்டைப் புடிச்சு நீவி விட்டுக்குவா. நான் போனுல விலைப் பட்டியலைப் பாத்துட்டு இருப்பேன்.

கோவில்பாளையமா இது? இன்னும் நேரமிருக்கு.

வைகாசியில ஒரு கூத்து நடந்துச்சு. கோமங்கலத்துல ஒரு கல்யாணம். முந்தின கல்யாணத்து பேனரை எடுத்து, அதுல ஆளுகளை மாத்தறதுதான் எங்க வழக்கம், எல்லாக் கடையிலயும் அப்பிடித்தான். பொண்ணை மாத்திட்டா, பேரை மாத்திட்டா, மாப்பிள்ளை மொகத்தை மாத்தினா, சேவ் போட்டா. மிஷின் நின்னு போச்சு. அமத்தி மறுபடி போட்டா, அரை மணி நேரத்துக்கு முந்தின ஃபைல் வந்து நிக்குது. பார்ட்டி வாசல்ல நின்னு கத்திட்டு இருக்கான், பந்தலுக்கு நேரமாச்சுங்கறான். அவ அவசர அவசரமா மறுபடி எல்லாத்தையும் ஒட்டினா. நாப்பது தலையில ஒரு தலை விட்டுப் போச்சு. எந்தத் தலை? மாப்பிள்ளை தலை.

நான் பாக்காம பிரிண்டு போட்டுட்டேன். மண்டபத்து வாசல்ல இருபதுக்குப் பத்துல நிக்குது பேனரு. பொண்ணு இந்த ஊரு பொண்ணு, பக்கத்துல சிரிச்சுட்டு நிக்கறவன் முந்தின பேனரு மாப்பிள்ளை, குடிமங்கலத்துக்காரன், அவனுக்குப் போன மாசந்தான் கல்யாணம் ஆயிருக்குது. நம்ம நேரம், அவனும் அந்தக் கல்யாணத்துக்கு மொய் வெக்க வந்திருக்கான், பொண்டாட்டியோட. அந்தப் புள்ள பேனரைப் பாத்துட்டு மண்டபத்துக்குள்ள வரவே மாட்டேன்னுட்டுதாம்.

அடி விழலைங்க, அதுக்குக் கொஞ்சம் கம்மியா எல்லாமே விழுந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் துளசிமணி என் எதுக்க ஒக்காந்தா. "ஏனுங்க, ஆவணி முகூர்த்தத்துக்குள்ள மிஷினை மாத்துங்க. மாத்தலைன்னா நான் தண்டபாணி அண்ணன் கடைக்கு டிசைன் பண்ணப் போயிருவேன். சம்பளம் தர்றேன்னு மூணு தடவை கேட்டுட்டாரு"ன்னா. கோவமே இல்லாமச் சொன்னா. கோவமாச் சொல்லியிருந்தா எனக்குப் பயம் இருந்திருக்காது.

யோசிச்சுப் பாருங்க. துளசி டிஜிட்டல்னு போர்டு. துளசி எதிர்க் கடையில. நான் இங்க ஒக்காந்து அடுத்த ஜெனரேஷனை எண்ணிட்டு இருக்கேன். ஊரு சிரிக்குமா சிரிக்காதா? ஆனாலும் வாய் சும்மா இருந்துச்சா? "தீபாவளிக்கு ஆஃபர் வரும் துளசி, ஆவணியில வாங்கறவன் முட்டாளு"ன்னு சொல்லிட்டேன். அவ தலையை ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

ஆடி வந்துச்சு. ஆடியில கல்யாணம் கெடையாது, கடை காத்தாடும். ஒரு நாள் அவளே என் பையை எடுத்துத் துணி மடிச்சு வெக்கறா. "ஒட்டன்சத்திரத்துல உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயி மூணு நாளு இருந்துட்டு வாங்க, பாவம், அண்ணன் வரலைன்னு ஏங்கிட்டு இருப்பா"ங்கறா. எங்களுக்குக் கல்யாணம் ஆயி இருபத்திரெண்டு வருசம் தம்பி. எந்தங்கச்சி ஊட்டுக்கு நான் போறேன்னு சொன்னாலே இவளுக்குத் தலைவலி வரும். அவ வாயில இருந்து பாவம்கற வார்த்தை வந்துச்சுன்னா நான் என்ன நெனைப்பேன்? வயசாக ஆகப் பக்குவம் வந்துருச்சுன்னு நெனச்சேன். கெளம்பறப்ப அவ தம்பி பூபதி கடைக்கு வந்தான். அவன் பல்லடத்துல ஒரு மில்லுல கம்ப்யூட்டரு பாத்துக்கறவன். என்ன மாப்ள இந்தப் பக்கம்னேன். அக்காளுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு வந்தேன் மச்சான்னான். நல்ல பையன், கையில பெரிய பை வெச்சிருந்தான்.

மூணு நாள் கழிச்சு வந்தேனுங்க. துளசிமணி வேலை பாத்துட்டு இருக்கா. கடை அமைதியா இருக்கு. என்னமோ கொறையுதேன்னு பாத்தா, ஃபேன் சத்தம் இல்ல. அவ சேவ் போட்டா. நான் பாத்துட்டே நிக்கறேன், அவ எந்திரிக்கவே இல்ல. போட்ட சேவு அங்கயே முடிஞ்சுருச்சு. இருபதுக்குப் பத்துங்க. எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சு.

என்னடி பண்ணுனேன்னேன். "ஒண்ணும் பண்ணலீங்க. நீங்க இல்லாத மூணு நாளும் நானும் கடையைத் தொறக்கலை. மிஷினுக்கும் ரெஸ்ட்டு வேணுமில்ல"ன்னா. மூஞ்சியில ஒரு சின்னச் சலனம்கூட இல்ல.

நான் யோசிச்சேன். அட, சரிதானே? பதினோரு வருசமா நாம அதுக்கு ஒரு நாள் லீவு குடுத்திருக்கமா? சூடு ஏறி ஏறி, உள்ள இருக்கறது சோர்ந்து போயிருக்கும். மூணு நாளு முழுசா ஆறினதும் பழைய பலம் திரும்பியிருக்கும். நான் அதை அப்பிடியே எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டதோட நின்னனா? பிளக்ஸ்காரங்க சங்கத்துக் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினேன். தாராபுரத்துல, மடத்துக்குளத்துல, எல்லாத்துகிட்டயும் சொன்னேன். புதுசு வாங்காதீங்கய்யா, கம்பெனிக்காரன் எண்ணை மாத்தி மாத்தி நம்ம தலையில கட்டறான், எம்பட நாலாவது ஜெனரேஷனு பதினாலாவதைத் தோக்கடிக்குது, வந்து பாருங்கன்னு. வந்து பாத்தாங்க. துளசிமணி சேவ் போட்டுக் காட்டினா. ஸ்டிக்கரைப் பாத்தாங்க. மறுபடி ஒருக்கா போடச் சொல்லிப் பாத்தாங்க.

தண்டபாணியும் வந்தாரு. மூணு நாளுங்களான்னாரு. முழு மூணு நாளு, வயரைக்கூடப் புடுங்கிரணும்னேன். மனுசன் ஆவணியில, முகூர்த்த நேரத்துல, மூணு நாளு கடையைப் பூட்டிட்டாரு. நாலாம் நாளு வந்து தொறந்து பாத்தா அது எப்பவும் போல எழைச்சுட்டுக் கெடக்குது. இதுக்குள்ள அவரு பார்ட்டிக பாதிப் பேரு எங்க கடைக்கு வந்துட்டாங்க. நேரா வந்து சட்டையைப் புடிக்காத கொறை. அண்ணா, உங்க மிஷின் அஞ்சு நாளு கேக்குதோ என்னமோன்னேன். அன்னையில இருந்துதான் மரியாதை கொறைஞ்சது.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. பிரிட்ஜு வாங்கணும்னு துளசிமணி ஏலச்சீட்டு எடுத்திருந்தா, ஆனி மாசம். பழைய பிரிட்ஜு கதவுக்குக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கோம். ஆடி போச்சு, ஆவணி போச்சு, பிரிட்ஜு வரலை. எங்கடி பிரிட்ஜுன்னேன். "அடுத்த மாடல் வரட்டும்னு இருக்கேனுங்க. அது வந்தா இது வெலை எறங்குமில்ல"ன்னா. எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுங்களா? இருபத்திரெண்டு வருசத்துல மொதல் தடவையா என்கிட்ட இருந்து ஒண்ணு கத்துக்கிட்டா பாருன்னு, அதையும் நாலு பேத்துகிட்டச் சொன்னேன்.

என்னங்க தம்பி, சன்னல் பக்கமா திரும்பிட்டீங்க? சிரிப்பு வந்தாச் சிரிங்க. தோளு குலுங்கறது தெரியுது. பொட்டியும் சேந்து குலுங்குது.

இந்த ஆளு வெளங்காத ஆளுன்னு நெனைக்கறீங்க. பொண்டாட்டியும் மச்சினனும் சேந்து கண்ணுல மண்ணைத் தூவினது தெரியாம ஊரெல்லாம் பேசிட்டுத் திரியறான்னு நெனைக்கறீங்க. தெரியும் தம்பி. எனக்குத் தெரியும். மூணு மாசமாத் தெரியும். யாருகிட்டயும் சொன்னதில்ல, நீங்க உக்கடத்துல எறங்கிப் போயிருவீங்கங்கற தைரியத்துல சொல்றேன்.

ஆயுத பூசைக்கு பிரிண்டு மிஷினு, கத்திரி, ஏணி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெப்போமில்ல? கம்ப்யூட்டருக்கும் உண்டு. எல்லாரும் வெளியில வெப்பாங்க. நான் பக்கத்துத் தகரத்தைக் கழட்டி உள்ள ஒரு பொட்டு வெப்பேன். அந்தச் சிப்பு மேல ஒரு ஃபேனு சுத்தும்னு சொன்னேன் பாருங்க, அதுக்கு நடுவுல வட்டமா ஒரு குமிழ் இருக்கும், நெத்தியாட்டம். அதுல வெப்பேன். வருசா வருசம் பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு. பதினோரு பொட்டுங்க, காஞ்சு தடிச்சு, நாலணா கனத்துக்கு நின்னுட்டு இருக்கும்.

இந்த வருசம் துளசிமணி குளிக்கப் போயிருந்தா. நான் தகரத்தைக் கழட்டினேன். ஃபேனைப் பாத்தேன். பளபளன்னு இருக்கு. ஒரு பொட்டு இல்ல.

கோவிலுக்குப் போயி உள்ள வேற சாமி இருந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி இருந்துச்சு. ஃபேனு வேற, போர்டு வேற, எல்லாம் வேற. தகரமும் ஸ்டிக்கரும் மட்டும் என்னுது. ரத்தம் தலைக்கு ஏறுச்சு. கூப்புட்டுக் கத்தணும்னு வாயைத் தொறந்தேன். அப்பத்தான் எல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வருது, தங்கச்சி ஊடு, பூபதி பையி, பிரிட்ஜு. பிரிட்ஜுக் காசு. அவ பிரிட்ஜு வாங்கற காசைப் போட்டு எங்கடைக்கு மிஷினு வாங்கியிருக்கா. வாங்கிட்டு அதை என்கிட்டச் சொல்ல முடியாம பழைய தகரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா. ஏன் சொல்ல முடியலை? சொன்னா நான் என்ன சொல்லுவேன்? அவசரப்பட்டுட்டியே, பதினஞ்சு வந்திருக்குமேன்னு சொல்லுவேன். கட்டாயம் சொல்லியிருப்பேனுங்க.

வெக்கமாப் போச்சு தம்பி. வேற வார்த்தை இல்ல. மணிக்கட்டைப் புடிச்சுட்டே பதினோரு வருசம் ஒக்காந்திருந்தா, நான் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருந்திருக்கேன்.

பாத்ரூம் கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சு. கையில சந்தனக் கிண்ணம். பழக்க தோசம், விரல் தானாப் போயி அந்தப் புது ஃபேன் நெத்தியில ஒரு பொட்டு வெச்சுருச்சு. தகரத்தை மூடித் திருகிட்டு, வெளியில ஒரு பொட்டு வெச்சுட்டு, கற்பூரத்தைப் பத்த வெச்சுட்டேன். அவ வந்து கும்பிட்டா. நானும் கும்பிட்டேன்.

மூடறதுக்கு முன்னால போனுல ஒரு போட்டோ எடுத்திருந்தேன். கோயமுத்தூர்ல பிரான்சிஸ்னு ஒரு மெக்கானிக்கு, பத்து வருசமா நான் விலை மட்டும் கேக்கற ஆளு. அவருக்கு அனுப்பினேன். இந்தப் போர்டு பன்னெண்டு, பதிமூணு, பதினாலு மூணுக்கும் சேரும் சார், வாங்கின மாசத்தைப் பாத்தா பன்னெண்டாவது ஐ-ஃபைவாத்தான் இருக்கும், இப்ப அதுதான் நல்ல வெலையில கெடைக்குது, செலக்சன் பண்ணுனது யாரு சார், வெவரமான ஆளுன்னாரு. நாந்தான்னு சொல்லிட்டேன்.

பொய்யின்னும் சொல்ல முடியாதுங்க. நான் பதினாலு வர வரைக்கும் காத்திருக்கலைன்னா பன்னெண்டு எப்பிடி எறங்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

கிணத்துக்கடவு தாண்டிருச்சா? பேச்சு மும்முரத்துல பாக்கலை.

ஏன் அவகிட்டச் சொல்லலைங்கறீங்களா? எப்பிடிச் சொல்றது? தெரியும்னு சொன்னா, அவ ஜெயிச்சான்னு ஆயிரும். அது போகட்டும், ஊட்டுக்குள்ள தோக்கறது நமக்குப் புதுசில்ல. தண்டபாணி மூணு நாளு கடையைப் பூட்டினாரே, அதுக்கு யாரு பதில் சொல்றது? அப்பறம் இன்னொண்ணு. என்னை ஏமாத்திட்டோம்னு அவ மூஞ்சியில இப்ப ஒரு களை இருக்குதுங்க. நான் யாருகிட்டயாவது மூணு நாள் ரெஸ்ட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சா, அவ முந்தானையால வாயைப் பொத்திட்டு உள்ள போயிருவா. அதைப் பாக்கறதுக்காகவே நான் அந்தக் கதையைத் தெனமும் ஒருத்தருக்குச் சொல்றேன். அதைக் கெடுக்க மனசு வரலை.

இப்ப எதுக்குக் கொண்டு போறேன்னு கேளுங்க. தூசி ஊதறதுக்கு இல்ல. போன வாரம் அவ போனுல பூபதிகிட்டப் பேசிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு. "எட்டு ஜிபி பத்த மாட்டேங்குதுடா, பக்கத்துல ஒரு எடம் சும்மா கெடக்குதில்ல, அடுத்த சீட்டுல பாக்கலாம்"னு. மெமரியைச் சொல்றா. போட்டோவுல பாத்தேன், ரெண்டு எடத்துல ஒண்ணுலதான் இருக்குது, இன்னொண்ணு பல்லு விழுந்த எடமாட்டம் காலி. அவ எதுக்கு சீட்டு எடுக்கணும்? நான் இருக்கறப்ப? மார்கழி, கடையில வேலை இல்ல. தை முகூர்த்தத்துக்குள்ள அந்த எடத்துல ஒண்ணை வாங்கி மாட்டிட்டு, திருகை முடுக்கிட்டு, துண்டுல சுத்திக் கொண்டு போயி பழைய எடத்துல வெச்சுரப் போறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. தை ரெண்டாம் தேதி சேவ் போடுவா, இன்னும் வேகமா ஓடும். என்னங்க இதுன்னு திரும்பிப் பாப்பா. தூசி ஊதினேன்லன்னு சொல்லுவேன். அவ என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்ல முடியாது. அவளுக்கு ஒளிக்கத் தெரியும்னா எனக்கும் தெரியுமில்ல?

இந்தா, போன் அடிக்குது, அவதான். நூறு வயசு. இருங்க, பேசிக்கறேன்.

சொல்லு துளசி... ஆமா, பஸ்ஸுலதான், சத்தமாப் பேசு... ஒத்தக்கால்மண்டபம் வந்துருச்சு... பொட்டி பத்திரமா மடியிலதான் இருக்கு... ஆமா, தூசிதான்... வேற எதுக்கு?... என்னது?... டிடிஆர் நாலா?... அது எதுக்கு நமக்கு, நம்முளுது மூணு... என்ன? சரியாக் கேக்கலை... எட்டு ஜிபி... ஏற்கனவே இருக்கற கம்பெனியே... ஏற்கனவே எங்க இருக்குது?... பொட்டா? எந்தப் பொட்டு?... ஐப்பசியிலயா? பூபதி தொறந்தானா?...

...நீ பாத்தியா...

...அப்ப இத்தன நாளும் நான் பேசினப்ப எல்லாம்... சிரிக்காத துளசி, பக்கத்துல ஆளுக இருக்காங்க... போன வாரம் போனுலயா?... ஓ... என் காதுல விழட்டும்னுதானா... சரி... சரி... ம்... சரி, பாக்கறேன்... வெச்சர்றேன்.

ஒண்ணும் இல்லைங்க தம்பி. ஊட்டுலதான்.

பேனா இருக்குங்களா? இந்த டிக்கெட்டு பின்னால எழுதிக் குடுங்க, எனக்கு மடியில பொட்டி இருக்குது. டிடிஆர் நாலு. எட்டு ஜிபி. கம்பெனி பேரு ஏற்கனவே இருக்கறதுல பாத்துக்கச் சொன்னா. எழுதிட்டீங்களா? அதுக்குக் கீழ பிரிட்ஜுன்னு எழுதுங்க. காந்திபுரத்துல பாத்துட்டு வரச் சொல்றா.

இந்த வருச மாடலே போதுமாம்.